எலுமிச்சம்பழம் தொங்காத கார்

இலங்கை மலையகத்து மடுல்சீமையில் வாடகைக்கு ஓடுகிற வண்டிகளில், முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்காத வண்டி ஒன்றே ஒன்றுதான். அது ஜீவராணியின் கார். சக்கரத்துக்குக் கீழே பழம் வைத்து நசுக்கியதும் கிடையாது, கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டதும் கிடையாது. கார் வந்த அன்று தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவு லயத்துப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து நின்றார்கள். ஜீவராணி அவர்களுக்கு ஆளுக்கொரு பணிஸும் தேநீரும் கொடுத்து, தட்டைத் திருப்பி அனுப்பினாள்.

"ஏன்டி ஜீவா, இம்புட்டுத் திமிரு ஆகாதுடி" என்றார்கள்.

"திமிரு இல்லக்கா. எங்கம்மாவ பாம்பு கடிச்சப்ப எலுமிச்சங்காய உருட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப மூச்சு இல்ல. என் கார்ல அந்தக் காய் ஏறாது. ஏத்துனா எறக்கி விட்டுருவேன்."

சொன்ன சொல்லில் நிற்கிறவள். தன் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போய், யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டி, யாரோ தின்ற தட்டுகளைக் கழுவி, திரும்பி வந்து பதுளையில் வண்டி பழகினாள். பழகுகிற இடத்தில் அவள் ஒருத்திதான் பெண். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்து அடித்தே கை ஓய்ந்து போனார்கள். அவள் மட்டும் ஓயவில்லை. யாரோ ஓட்டிப் பழசான ஜப்பான் கார் ஒன்றை வாங்கினாள். அதன் மீட்டர் மற்றக் கார்களைப் போல ஓட்டுகிறவர் முன்னால் இல்லை. இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே, டேஷ்போர்டின் உச்சியில் இருந்தது. சாவியைத் திருப்பினால் வேகம், பெற்றோல், இன்ஜின் சூடு எல்லாம் பச்சை எண்களில் எரியும். அந்த வெளிச்சத்தில் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். மனிதர்கள் மாதிரி மழுப்பாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுகிற ஒரே ஆள் அதுதான் என்பாள்.

அந்த மீட்டர்தான் ஒரு நாள் அணைந்தது.

பதுளைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பசறை இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். எண்கள் ஒரு தடவை நடுங்கின. பிறகு கறுப்பு. கார் என்னவோ தன் பாட்டுக்கு ஓடியது. பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது, வைப்பர் ஆடியது. மீட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. பயந்து பயந்து ஓட்டி, பதுளை ஆஸ்பத்திரி வாசலில் ஆளை இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனாள். கராஜ் வாசலில் திருப்பி நிறுத்தும்போது மீட்டர் ஒன்றும் தெரியாத பிள்ளை போலப் பளிச்சென்று எரிந்தது.

கராஜ்காரர் பெயர் ஜெஸீம்; முஸ்லிம் அண்ணன்களைக் கூப்பிடுகிறபடி அவரை நானா என்பாள். கார் மின்வேலைக்குப் பதுளையில் பேர் போனவர். அவர் ஸ்கேன் மிஷினைக் கொளுவிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஒரு கொறையும் காட்டல்ல தங்கச்சி. பியூஸும் நல்லா ஈக்குது. என்னத்த நான் செய்ய?"

"அணைஞ்சிச்சு நானா. என் கண்ணால பாத்தேன்."

"இப்ப எரியுதே."

எரிந்தது.  திரும்பி வரும் ஏற்றம் முழுக்க எரிந்தது. அடுத்த நாள் இறக்கத்தில் அணைந்தது. சாயந்தரம் ஏற்றத்தில் வந்தது. இறங்கும்போது சாவதும் ஏறும்போது உயிர்ப்பதுமாக ஒரு மீட்டர் இருக்குமா? ஜீவராணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மடுல்சீமை டவுனில் வேன் ஓட்டுகிற சுரேஸ் பற்றரியைக் குறை சொன்னான். பசறையில் ஒருவர் மீட்டரையே மாற்றச் சொன்னார். வயரை எலி கடித்திருக்கும் என்றார் இன்னொருவர். அப்படியானால் அது ஏற்ற இறக்கம் பார்த்துக் கடிக்கிற எலியாகத்தான் இருக்க வேண்டும். அவள் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

இதே காலத்தில்தான் துஷாந்திக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

துஷாந்தி மேல்கணக்கு லெட்சுமியின் மருமகள். பிறந்த ஊர் மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. போன தடவை வலி எடுத்தபோது ஜீவராணியின் கார் வேறு ஓட்டத்தில் இருந்தது; வண்டி கேட்டு ஆள் ஓடி, ஆள் ஓடி, வண்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. அன்று அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த கோலத்தை ஜீவராணி மறக்கவே இல்லை. "அடுத்த வாட்டி நான் கூட்டிப் போறேன்டி. என்ன ஆனாலும் என் கார் வாசல்ல நிக்கும்" என்று அவள் காதில் சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபடியே இந்தத் தடவை கிளினிக்குக்கெல்லாம் அவளே கூட்டிப் போனாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று துஷாந்தி எப்போதும் முன் ஆசனத்தில், ஜீவராணிக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். மடியில் ஒரு கைக்குட்டை, அதற்குள் மூடிய கை.

மீட்டர் இல்லாமல் அவளை எப்படி ஏற்றுவது? இன்ஜின் சூடாகி நடுவழியில் நின்றால் யாருக்குத் தெரியும்? பெற்றோல் முடிந்தால்? போன தடவை வராத வண்டிக்கும் பாதி வழியில் நின்ற வண்டிக்கும் என்ன வித்தியாசம்? இந்த நினைப்பு வந்தால் ஜீவராணிக்குச் சோறு இறங்காது.

கடைசியில் மீட்டர் ஏற்றத்திலும் வரவில்லை. ஒரேயடியாகப் போய்விட்டது. அவளுக்கு அதுவே ஒரு ஆறுதல். நோய் என்றால் டாக்டர் முன்னால் தெரிய வேண்டாமா? பதுளைக்குப் போய் ஜெஸீம் முன்னால் காரை நிறுத்தினாள்.

"இப்ப பாருங்க நானா. இப்பவும் என்னய பைத்தியம்னு சொல்லுவீங்களா?"

"நான் எப்ப செல்லின?" என்றார் ஜெஸீம். ஆனால் இந்தத் தடவை மிஷினை எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "ஒருக்கா பள்ளத்துல எறக்கிக் காட்டுங்க."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சரிவில் இறக்கினாள். ஜெஸீம் தலையைச் சாய்த்து டேஷ்போர்டின் மேல் காதை வைத்தார். உள்ளே எதுவோ லொடலொடவென்று உருண்டு போய் முட்டியது. ஏற்றத்தில் திருப்பினாள். அதே சத்தம் பின்னால் வந்தது.

"உள்ளுக்கு என்னமோ ஈக்குது தங்கச்சி."

கராஜுக்குத் திரும்பி டேஷ்போர்டைக் கழற்றினார். முன் ஆசனத்துக்கு எதிரில், மீட்டரின் ஓரத்தில், மூடி விட்டுப்போய், அழுத்தினால் கை நுழைகிற சந்து ஒன்று இருந்தது. பழைய காரில் இதெல்லாம் சகஜம். ஜெஸீம் டோர்ச் அடித்து உள்ளே கையை விட்டவர், சுட்டது போல வெளியே இழுத்துக்கொண்டார். வாய்க்குள் எதையோ ஓதினார். பிறகு ஒரு பத்திரிகைத் தாளை விரித்து, குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தார்.

எலுமிச்சம்பழங்கள். சில கறுத்துச் சுருங்கிப் பாக்கு மாதிரி ஆகியிருந்தன. ஒன்று இன்னும் மஞ்சளாக, அழுகி நீர் விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு ஆணி தைத்திருந்தது.

ஜீவராணி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் தன் காரையே பிடித்துக்கொண்டாள்.

"இது செய்வினை போல ஈக்குது" என்றார் ஜெஸீம், மெதுவாக. "யாரோ ஒங்களுக்கு வேணாத வேல பாத்தீக்கிறாங்க."

வேலையை மட்டும் அவர் குறையில்லாமல் செய்தார். இறக்கத்தில் பழம் உருண்டு போய், ஆணி மீட்டர் ப்ளக்கில் பட்டால் மீட்டர் அணையும். ஏற்றத்தில் விலகினால் எரியும். கடைசியில் பழச்சாறு இறங்கி ப்ளக்கின் பின்களில் பச்சைப் பாசி பிடித்துவிட்டது. அவர் பாசியைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அரித்துப்போன ஒரு வயரை வெட்டி ஈயம் வைத்தார். அந்த இடுக்கைக் கறுப்பு டேப்பால் இறுக்க அடைத்தார். சாவியைத் திருப்பியதும் எண்கள் எல்லாம் வந்து நின்றன. இத்தனை நாள் ஏங்கிய வெளிச்சம். ஜீவராணிக்குச் சந்தோஷம் வரவில்லை.

"இந்தச் சாமானை இங்க போட ஏலா தங்கச்சி. நீங்களே கொண்டு போங்க."

சொப்பிங் பையில் கட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு மலை ஏறினாள். ஏறும் வழியெல்லாம் ஒரே கேள்வி. யார்? யாருக்கு நான் என்ன செய்தேன்? எலுமிச்சங்காயில் ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். இப்போது டிக்கியில் கிடக்கிற அந்தப் பையை நினைத்தால் முதுகு சில்லிட்டது. நம்பாதவளுக்கு ஏன் பயம் வர வேண்டும்? பயம் வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது, வெட்கப்படும்போதே பயமாகவும் இருந்தது.

யோசித்து யோசித்து, கடைசியில் சுரேஸில் வந்து நின்றாள். அவள் கார் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வாடகை ஓட்டம், அந்த ஹயர் எல்லாம் அவன் வேனுக்குத்தான். ஓடையில் வண்டி கழுவும்போது அவள் காரையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறான். அவ்வளவு நல்லவனா அவன்? டவுனில் வேனுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏன்டா சுரேஸ், ஹயர் போனா போகுதுன்னு நெனைக்கக் கூடாதா? என் கார்ல எலுமிச்சங்காயும் ஆணியும் வைக்கிற அளவுக்கா போயிட்ட?"

சுரேஸின் கையில் இருந்த கிளாஸ் சாய்ந்தது. "அக்கா! எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு அக்கா. நானா செய்வேன்? வாங்க, இப்பவே வாங்க கோயிலுக்கு."

மாரியம்மன் கோயில் வாசலில், பார்த்துக்கொண்டிருந்த எல்லார் முன்னாலும், எரிகிற சூடத்தை அறைந்து அணைத்துச் சத்தியம் செய்தான்.  கண்ணில் தண்ணீர். பொய்ச் சத்தியம் செய்கிற முகம் இல்லை அது. அவனும் இல்லையென்றால் வேறு யார்? வரும்போது இருந்ததைவிடக் குழப்பமாக வீட்டுக்குப் போனாள்.

கோயில் வாசலில் நடந்தது லயத்துக்குப் போகக் கால் வேண்டுமா என்ன? போகிற வழியில் எலுமிச்சம்பழம் செப்புத் தகடானது, தகடு பொம்மையானது, பொம்மைக்கு மயிரும் முளைத்தது. லெட்சுமி வந்து ஜீவராணியின் வாசலில் நின்றபோது, காருக்குள் பிள்ளையின் மண்டையோடு இருந்ததாகவே கேள்விப்பட்டிருந்தாள்.

"ஜீவா, கோவிச்சுக்காத. ஒருக்கா பட்டவ நானு. புள்ளத்தாச்சிய அந்தக் கார்ல ஏத்த மாட்டேன். சுரேஸ் வேன்ல கூட்டிப் போறேன்."

"அக்கா, மீட்டர் நல்லாயிருச்சு. கார்ல ஒரு கொறையும் இல்ல."

"மீட்டர் யாருக்குடி வேணும்?"

ஜீவராணி அன்று முழுக்கக் காருக்குள் உட்கார்ந்து எரிகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்புவாள், எரியும். அணைப்பாள், அணையும். குவைத்தில் கூட அழாதவள் அன்றைக்கு அழுதாள். கொடுத்த வாக்கு கையைவிட்டுப் போகிறதே என்ற அழுகை.

அவளுக்கு விளங்காதது இன்னொன்றும் இருந்தது. இந்தச் செய்தி கேட்டு லயமே பயந்து கிடக்க, துஷாந்தி மட்டும் பயப்படவில்லையாம். "அது செய்வினை இல்ல, நான் அந்தக் கார்லயே போறேன்" என்று மாமியாரோடு மல்லுக்கு நின்றாளாம். வாயே திறக்காத பெண்ணுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது?

வலி எடுத்தது ஒரு மழை நாளில், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு. சுரேஸின் வேன் பண்டாரவளைக்குப் போயிருந்தது. லெட்சுமி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். துஷாந்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, லயத்துப் படியில் இறங்கி மழையில் நடந்து வந்து ஜீவராணியின் காரின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால் ஓடி வந்த லெட்சுமிக்கும் வேறு வழியில்லை. பையோடு பின்னால் ஏறி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாரியாத்தாளை உரக்கக் கூப்பிட ஆரம்பித்தாள். கண்ணைத் திறந்தால் மண்டையோடு தெரியும் என்று பயமோ என்னவோ!

ஜீவராணி காரை எடுத்தாள். மீட்டர் எரிந்தது. இறக்கத்திலும் எரிந்தது. மழையும் பனிப்புகாருமாக இருந்த ரோட்டில் அந்தப் பச்சை எண்கள் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தன. துஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி விட்ட ஒரு நேரத்தில் அவள் வலது கை கைக்குட்டைக்குள் இருந்து வெளியே வந்தது. மெல்ல டேஷ்போர்டின் மேல் போனது. மீட்டரின் ஓரத்தைத் தடவியது. கறுப்பு டேப்பைத் தொட்டது. அதன் மேல் இப்படியும் அப்படியும் தேடியது, நின்றது.

ஜீவராணி பார்த்துவிட்டாள்.

மூடிய விரல்களுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று தெரிந்தது. ஆணியின் தலையும் தெரிந்தது.

கார் ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய்த் திரும்பியது. இவளா? இந்தப் பூனையா? ஒரு கணம் கோபம் சுர்ரென்று ஏறியது. நாயாய் அலைந்தேனே! சுரேஸைச் சூடம் அறைய வைத்தேனே! திட்டுவதற்கு வாயைத் திறந்து பக்கத்தில் திரும்பினாள். துஷாந்தியின் முகத்தில் வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இறக்கி விட்டுவிடுவாளோ என்கிற பயம்.

அந்தப் பயம் யார் கொடுத்தது என்று ஜீவராணிக்குத் தெரியும். ஏத்துனா எறக்கி விட்டுருவேன் என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள்தானே. வாயை மூடிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து, பின்னால் இருக்கிற லெட்சுமிக்குத் தெரியாமல், கீழே நீட்டினாள். துஷாந்தி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பழத்தை அதில் வைத்தாள். ஆணி உள்ளங்கையில் குத்தியது.

பசறைச் சந்தியில் ஜீவராணி காரை ஓரம் கட்டினாள்.

"என்னாடி நிப்பாட்டுற?" என்று லெட்சுமி கத்தினாள்.

"டயர்ல காத்து கொறையிற மாதிரி இருக்குக்கா. பாத்துட்டு வாறேன்."

"இந்த நேரத்துலயா டயரு! ஆத்தா, என்னா கேடு காலம்டி எனக்கு!"

மழையில் இறங்கி டிக்கியைத் திறந்து சொப்பிங் பையை எடுத்தாள். கையில் இருந்ததையும் அதோடு சேர்த்தாள். முச்சந்தியின் ஓரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். துஷாந்தி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவராணி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் அவள் கேட்டது ஒரே கேள்விதான், அதுவும் உதட்டசைவில்: "திரும்பிப் பாத்தீங்களா அக்கா?"

"இல்ல."

அதன் பிறகுதான் அந்தப் பெண் வாய்விட்டுக் கத்தினாள். அதுவரை வலியைக் கூட அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அழுத குரல் வெளியே வரை கேட்டது என்று லெட்சுமி போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னாள்.

வார்டில் லெட்சுமி சுடுதண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் துஷாந்தி சொன்னாள். அவளுடைய அம்மா மொனராகலையில் இருந்து போனில் சொல்லிக் கொடுத்தது. வயிற்றுப் பிள்ளையோடு ரோட்டில் போகும்போது பழத்தில் ஆணி தைத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் இருக்கிற கெட்டதெல்லாம் அதில் இறங்கும். பிறகு முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

"வண்டிய நிப்பாட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு அக்கா. எறக்கி விட்டுருவீங்கன்னு. அத்தைக்குத் தெரிஞ்சா எங்கம்மா மந்திரம் பண்றான்னு சொல்லும். நீங்க எறங்குன நேரம் பாத்து அந்தச் சந்துல போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். மீட்டரு அணையும்னு எனக்குத் தெரியாது அக்கா."

"செய்வினைன்னு ஊரே பேசுனப்பயாவது சொல்லியிருக்கலாம்லடி."

"சொன்னா ஏத்துவீங்களா?"

 ஏற்றியிருப்பாளா? ஜீவராணிக்கே தெரியவில்லை. போன பிள்ளையை நினைத்து நினைத்து இந்தப் பெண் தன் பக்கத்திலேயே, கைக்கெட்டுகிற தூரத்தில், இத்தனை பயத்தோடு வந்திருக்கிறாள். எரிகிற மீட்டரையே பார்த்துக்கொண்டு ஓட்டியவள் அதைப் பார்க்கவில்லை.  குழந்தையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

ஊருக்கு என்ன சொல்வது என்றுதான் பிறகு பிரச்சினை. எலி என்று சொன்னாள். எலி பழத்தைக் கொண்டுவந்து போட்டதாம். ஆணி? ஆணி தைத்த பழத்தையே தேடித் தூக்குகிற எலி. கேட்டவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சுரேஸிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் எலியை நம்பினானோ இல்லையோ, மன்னிப்பை வாங்கிக்கொண்டான்.

இன்றைக்கும் அந்தக் காரில் எலுமிச்சம்பழம் தொங்குவதில்லை. ஆனால் முன் கதவின் பைக்குள் ஒரு வெறும் மார்ஜரின் டப்பா இருக்கிறது. கிளினிக்குக்குப் போகிற பெண்கள் கையில் இருப்பதை அதில் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். ஜீவராணி என்ன ஏது என்று கேட்பதில்லை. பசறைச் சந்தியில் நிறுத்தி, டயர் பார்க்கிறேன் என்று சொல்லி, டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வருகிறாள். அந்தக் காயில் ஒன்றும் இல்லை என்றுதான் இன்னமும் சொல்லுகிறாள். ஆனால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், அவளுக்கே தெரியாது.